ஓவர்டிரைவ் கெட்டதற்கு இரண்டு குற்றவாளிகள்

குற்றவாளியைக் கண்டுபிடித்துத் தரச் சொல்லித்தான் சர்வேயரம்மாவிடம் வருவார்கள். பட்டறை முதலாளி வந்தது வேறு தொல்லையோடு.

"ரெண்டு பேர் 'நான்தான் கெடுத்தேன்'னு ஒத்துக்கிறாங்க மேடம். ரெண்டும் உண்மையா இருக்க முடியாது. எதுன்னு நீங்க பார்த்துச் சொல்லணும்."

சட்டைப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்த சர்வேயரம்மா ஊசியை நிறுத்தவில்லை. இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காக நொறுங்கிய வண்டிகளைப் பார்த்துப் பார்த்தே தலை நரைத்தவர் அவர். சட்டைக்குச் சொந்தக்காரரான கணவர், சரித்திர வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவர், பனியனோடு ஓடி வந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். துப்பறிவதில் மனைவிக்குத் தான் வலதுகை என்பது அவருடைய நம்பிக்கை. அந்த அம்மாள் அதை மறுத்ததில்லை, அவ்வளவுதான்.

"என்ன வண்டி?"

"பல் டாக்டரோட பழைய ஸ்போர்ட்ஸ் கார். ரெண்டே சீட்டு. நாலாவது கியருக்கு மேல ஓவர்டிரைவ்னு ஒண்ணு அதுல உண்டு. சுவிட்சைத் தட்டினா இஞ்சின் சுத்து குறையும், வண்டி வேகம் குறையாது. எங்க மாப்பிள்ளை, அதான் தங்கச்சி வீட்டுக்காரர், மாசக்கணக்கா உக்காந்து அதைப் பிரிச்சுக் கட்டினார். டாக்டர் எடுத்துட்டுப் போன அன்னிக்கே நெடுஞ்சாலையில நழுவிடுச்சு. இஞ்சின் அலறுது, வண்டி போகல. எனக்குக் கோபம் தலைக்கேறிடுச்சு. பசங்க எல்லார் முன்னாடியும் 'உன் வேலை லட்சணம் இதுதானா, வெளிய போ'ன்னுட்டேன். அவர் 'ஆமா மச்சான், என் தப்புதான்'னு கையைத் துடைச்சுட்டுக் கிளம்பிட்டார். நாளைக்கு ரெண்டு பேரும் வெளியூருக்கே போறாங்களாம். தங்கச்சி போனை எடுக்க மாட்டேங்குறா."

"இன்னொருத்தர்?"

"டாக்டரேதான். 'சுவிட்சைப் போட்டபடியே ரிவர்ஸ் எடுத்துட்டேன், அதுலதான் போயிருக்கும், அவரைத் திட்டாதீங்க'ன்னு வந்து நிக்கறார்." முதலாளி தண்ணீரை ஒரே மடக்காகக் குடித்தார். "நான் அந்தக் கியர்பாக்ஸ்ல கையே வைக்கல மேடம். ஒரு நட்டைக்கூடத் தொடல."

சர்வேயரம்மா நூலைக் கடித்து அறுத்துவிட்டுச் சட்டையைக் கணவரிடம் நீட்டினார். "போட்டுக்குங்க. போய்ப் பார்த்துடுவோம்."

பட்டறையில் கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்தது. கார் ஓர் ஓரமாக நின்றது. பக்கத்தில், தண்டனைக்கு வந்த பள்ளிப் பிள்ளைபோலப் பல் டாக்டர் நின்றார்.

"போட்டி பட்டறைக்காரன் சதியா இருக்கும்" என்று வாத்தியார் மனைவியின் காதில் ஓதினார். "சரித்திரம் முழுக்க இப்படித்தான்."

"இருக்கலாம்ங்க. முதல்ல டாக்டரை விடுவிச்சிடுவோம்."

இஞ்சினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்பச் சொன்னார். நாலாவது கியரில் போட்டு ஓவர்டிரைவ் சுவிட்சைத் தட்டியதும் காருக்கு அடியில் 'டக்' என்றது. ரிவர்ஸில் போட்டுத் தட்டினார்கள். சத்தமே இல்லை.

"கேட்டீங்களா? மின்சாரப் பக்கம் பழுதில்லை. அதோட, ரிவர்ஸ்ல இருக்கறப்ப சுவிட்ச் போட்டாலும் ஓவர்டிரைவுக்கு மின்சாரம் போகாதபடி ஒரு தடுப்பு வெச்சிருக்காங்க. அது சரியா வேலை செய்யுது. உங்க மேல தப்பே இல்ல டாக்டர்."

டாக்டர் அவ்வளவு நிம்மதியடைந்ததாகத் தெரியவில்லை. "அப்ப பாவம், மாப்பிள்ளைதானா?" என்றார்.

அதற்குப் பதில் சொல்லாமல், ஓவர்டிரைவில் பிரஷர் மீட்டரைப் பொருத்தச் சொல்லி சர்வேயரம்மா வண்டியில் ஏறினார். வாத்தியாருக்கு இடமில்லை. அவர் வாசலிலேயே நின்று போகிற வருகிறவர்களையெல்லாம் சந்தேகப்பட்டார்.

திரும்பி வந்ததும் அந்த அம்மாள் கணவரிடம் சொன்னார்: "கிளம்பினப்ப ஓவர்டிரைவ் கச்சிதமாப் பிடிச்சுது. சூடு ஏறினதும் நழுவுச்சு. ஆனா மீட்டர் அசையல, எண்ணெய் அழுத்தம் அப்படியே இருந்தது. பம்பு, வால்வு எல்லாம் நல்லாக் கட்டியிருக்கார்ங்க."

"பின்னே ஏன் நழுவுது?"

"இதுக்குள்ள ஒரு கூம்பு இருக்கு. அது இன்னொரு வளையத்தை இறுக்கிப் பிடிக்கணும். அழுத்தம் இருந்தும் பிடி வழுக்குதுன்னா, ஒண்ணு கூம்புல தேய்மானம் இருக்கணும், இல்ல எண்ணெய்ல கோளாறு இருக்கணும். கூம்பு புதுசாப் போட்டதுன்னு பசங்க சொல்றாங்க."

இடது சீட்டை நகர்த்தித் தரைவிரிப்பின் ஓரத்தைத் தடவினார். பசை ஓரிடத்தில் பிய்ந்து, மறுபடி அழுத்தி ஒட்டப்பட்டிருந்தது. அதன் அடியில்தான் கியர்பாக்ஸில் எண்ணெய் ஊற்றும் வாய்.

"விரிப்பு எப்ப ஒட்டினது?" என்று அருகிலிருந்த மெக்கானிக்கைக் கேட்டார்.

"எல்லாம் முடிஞ்சப்புறம்தான் மேடம். மாப்பிள்ளை ஓட்டிப் பார்த்து, எண்ணெய் அளவு பார்த்து, கடைசியா அவர் கையாலயே ஒட்டினார். மறுநாள் காலையில டாக்டர் எடுத்துட்டுப் போயிட்டார்."

அந்த வாய் வழியாக எடுத்த எண்ணெயில் ஒரு துளியை வெள்ளைத் தாளில் வைத்தார். பக்கத்தில் பட்டறை பீப்பாயிலிருந்து ஒரு துளி. பீப்பாய் எண்ணெய் தேன் நிறம். கார் எண்ணெயில் பச்சை ஓடியது. இனிப்பு வாசனையும் அடித்தது.

"கலப்படம்! சதின்னு நான் சொல்லல?" வாத்தியார் துள்ளினார்.

சர்வேயரம்மா, டெலிவரிக்குத் தயாராக நின்ற ஒரு டாக்ஸியிலிருந்தும் ஒரு துளி எடுத்து அதே தாளில் வைத்தார். அதுவும் பச்சை.

"சதிகாரன் டாக்ஸிக்கு எதுக்குங்க ஊத்தப்போறான்? இந்தப் பட்டறையில வேலை முடியற எல்லா வண்டிக்கும் யாரோ ஆசையா ஊத்தறாங்க." அந்த மெக்கானிக்கைத் திரும்பிப் பார்த்தார். "யாருப்பா?"

"முதலாளிதான். கடைசியா அவர் கை பட்டாத்தான் வண்டி வெளிய போகும். கைராசின்னு கஸ்டமர்ங்களே கேட்டு வாங்கிப்பாங்க." சொல்லிவிட்டு அவன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

முதலாளி தன் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருந்தார். பின்னால் அலமாரியில், எண்ணெயில் கலக்கும் பச்சைத் திரவப் பாட்டில்கள் வரிசையாக இருந்தன. சர்வேயரம்மா கதவைச் சாத்திவிட்டு எதிரில் அமர்ந்தார்.

"மத்த வண்டிக்கு இது நல்லதுதான். பல்சக்கரம் வழவழன்னு ஓடும். ஆனா ஓவர்டிரைவும் கியர்பாக்ஸும் ஒரே எண்ணெயைக் குடிக்குது. அங்க வழவழப்பு ஆகாது, பிடிமானம் வேணும்."

"ராசிக்காக ஒரு பாட்டில்..." முதலாளி அலமாரியைத் திரும்பிப் பார்த்தார். "அதை நான் வேலைன்னே நினைக்கல மேடம்."

"அது தெரியாம நடந்தது, விடுங்க. ஆனா எங்க வீட்டுல நான் கேக்காமலேயே 'கையே வைக்கல'ன்னீங்களே, எங்கப்பன் குதிருக்குள்ள இல்லைங்கற மாதிரி. அப்பவே உங்களுக்குத் தெரியும், இல்லையா?"

முதலாளி மேசையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "மாப்பிள்ளை போன மறுநாள் பாட்டிலைத் திருப்பிப் படிச்சேன். 'உராய்வை அடியோடு குறைக்கும்'னு போட்டிருந்தது. சுருக்குன்னுச்சு. அப்புறம் தூக்கமே இல்ல. வேற காரணம் ஏதாவது இருக்கணும்னு சாமியை வேண்டிக்கிட்டேன். நீங்க வந்து 'மாப்பிள்ளை வேலைதான் சரியில்ல'ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா நிம்மதியாத் தூங்கலாம்னுதான் உங்ககிட்ட ஓடி வந்தேன்."

அவரைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இந்த மனிதர் அந்தக் குறுகுறுப்பைப் போக்க ஓர் அப்பாவியைக் காவு கொடுக்க வந்திருந்தார். அது அவருக்கே புரிந்துதான் இருந்தது.

கதவு திறந்தது. மாப்பிள்ளையையும் தங்கையையும் டாக்டர் தன் இன்னொரு காரில் போய் அழைத்து வந்திருந்தார். ஆளைக் காப்பாற்றிவிடும் அவசரத்தில் அவருக்கு மூச்சு வாங்கியது.

மாப்பிள்ளை, சர்வேயரம்மா கையிலிருந்த தாளில் பச்சைத் துளிகளைப் பார்த்தார். "என் பேர்லயே இருக்கட்டும் மேடம். நாங்கதான் போறோமே."

"உங்களுக்கு எப்ப தெரியும்?"

"வண்டி திரும்பி வந்ததும் அடியில ஒரு துளி வடிச்சு மோந்து பார்த்தப்பவே. சொல்ல வாயெடுத்தேன், அதுக்குள்ள 'வெளிய போ'ன்னுட்டார். அத்தனை பசங்க முன்னாடி முதலாளியைக் குத்தவாளி ஆக்கறதா?"

முதலாளி எழுந்து அவர் கையைப் பிடித்தார். "மாப்ள, தப்பு என்னுது" என்றார், ஏறக்குறைய ரகசியமாக.

தங்கை குறுக்கிட்டாள். "ஏன்ணே, திட்டினப்ப தெருமுனை வரைக்கும் கேட்டுச்சாமே. தப்பு மட்டும் கதவைச் சாத்திக்கிட்டுக் காதுல சொல்றியா?"

முதலாளி கையை விட்டுவிட்டு வெளியே போனார். பட்டறை நடுவில் நின்று ஏதோ சொன்னார். கம்ப்ரஸர் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. தங்கை விறுவிறுவென்று போய் அதை அணைத்தாள். தகரம் தட்டுகிறவர்கள் தட்டுவதை நிறுத்தினார்கள்.

"அந்தக் கியர்பாக்ஸைக் கெடுத்தது நான்" என்றார் முதலாளி. பிறகு இன்னும் சத்தமாகச் சொன்னார். "மாப்பிள்ளை வேலையில ஒரு குறையும் இல்ல. தெரிஞ்சும் நான் சொல்லல. அவரைத் துரத்தினது பெரிய பாவம்."

யாராவது 'பரவாயில்லை' என்று சொல்வார்கள் என அவர் காத்திருந்தார். யாரும் சொல்லவில்லை.

மாப்பிள்ளை சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, எண்ணெய் வடிக்கும் தட்டோடு காருக்கு அடியில் நுழைந்தார்.

"சூடா இருக்கறப்பவே வடிச்சிடணும். வெளிச்சம் பிடிங்க" என்று அடியிலிருந்து குரல் வந்தது. அதில் 'மச்சான்' இல்லை. முதலாளி விளக்கை எடுத்துக்கொண்டு எண்ணெய்த் தரையில் மண்டியிட்டார்.