மாமா எடுத்த சூரிய அஸ்தமனம்

மனிதகுலம் மூன்று மாபெரும் பயணங்களைக் கண்டிருக்கிறது. கப்பலில் உலகைச் சுற்றி வந்தது ஒன்று. நிலவில் போய் இறங்கியது இன்னொன்று. மூன்றாவது, சகாயவினோத் மாமாவின் கேமராவிலிருந்து கம்ப்யூட்டருக்குப் படங்கள் போவது.

முதல் இரண்டும் நல்லபடியாக முடிந்துவிட்டன. மூன்றாவதுதான் ஒரு முழ நீள வயரில், மதியம் ஒரு மணியிலிருந்து நகராமல் நின்றது.

பாம்பனில் அவருடைய அக்கா மகள் ஆஸ்லினின் வீட்டு முன்னறைதான் மாமாவின் ஸ்டுடியோ. வாசலில் 'இன்டர்நேஷனல் டிஜிட்டல் கலைக்கூடம்' என்று பலகை தொங்கியது. உள்ளே ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு நாற்காலி. மூலையில் ஆஸ்லினின் அப்பாவுடைய வலைக்குவியல். வாடிக்கையாளர் கேட்டால், "அது ஆர்ட் செட்டிங்" என்பார் மாமா.

இன்று மாமாவுக்குப் பின்னால் ஆஸ்லினும் அவளுடைய தோழி புஷ்பமேரியும் நின்றார்கள். பக்கத்தில் புஷ்பமேரியின் அப்பா சவேரியார், புதுச் செருப்பும் பெரிய பையுமாக நின்றார். மீன்பிடி வேலைக்கு பஹ்ரைன் போகிறார். திரும்பி வர இரண்டு வருடம் ஆகும். ஐந்து மணிக்கு பஸ்.

போன ஞாயிறு மாதா கோயிலில் புஷ்பமேரிக்குப் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். வெள்ளைக் கவுன், தலையில் பூமுடி, கையில் மெழுகுவத்தி. பூசை முடிந்ததும் கடற்கரையில் அப்பாவோடு நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டாள். அந்தப் படம்தான் அப்பாவோடு பஹ்ரைன் போக வேண்டும்.

"அன்னைக்கே எங்க சித்தி ஃபோன்ல எடுக்க வந்தாங்க. நீங்கதான் வேணாம்னுட்டீங்க" என்றாள் புஷ்பமேரி.

"ஃபோன்ல எடுக்குறதெல்லாம் படமா பாப்பா?" என்றார் மாமா. "இது கலை."

"ஏலே சகாயம், கலை எத்தன மணிக்கு வரும்? மணி நாலாகப் போவுது" என்றார் சவேரியார்.

திரையில் ஒரு வெள்ளைக் கட்டம் திறந்தது. உள்ளே ஒன்றுமே இல்லை. மாமா வயரைப் பிடுங்கினார். ஊதினார். சட்டையில் துடைத்துச் செருகினார். மறுபடியும் வெள்ளைக் கட்டம். கம்ப்யூட்டரின் முதுகில் இரண்டு தட்டு தட்டினார்.

"வைரஸ்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "வோல்டேஜ்" என்றார். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "உப்புக்காத்து. படத்த அரிச்சுத் தின்னுருச்சு" என்றார்.

"படத்தையா?" என்றாள் புஷ்பமேரி.

"சைக்கிளையே தின்னுதே, படம் எம்மாத்திரம்?"

புஷ்பமேரி அப்பாவின் பையைப் பிடித்துக்கொண்டாள். சவேரியார் அவள் தலையில் கை வைத்தார்.

"போகட்டும் தாயி. மனசுலதான் இருக்குல்ல" என்றார். சொல்லிவிட்டு, வலைக்குவியலில் பிரிந்திருந்த ஒரு கண்ணியை முடிந்துவிட்டார்.

ஆஸ்லினுக்கு அழுகை வரவில்லை. யோசனை வந்தது.

மாமாவின் உப்புக்காற்று பயம் தெருவுக்கே தெரியும். எந்தச் சாமானையும் காய்ந்த இடத்தில்தான் வைப்பார். அந்த வீட்டில் காய்ந்த இடம் ஒன்றே ஒன்றுதான். போன மாதம் அம்மா உலைக்கு அரிசி அளந்தபோது, படியில் மாமாவின் கைக்கடிகாரம் வந்தது. நல்லவேளை, வெந்துபோவதற்கு முன்னால் வந்தது.

"மாமா, கேமராவ நான் தொடச்சுத் தரவா?"

"மெதுவா. அது உசுரு மாதிரி" என்று மாமா வயரைக் கழற்றிக் கொடுத்தார்.

ஆஸ்லின் அதை அடுப்படிக்குக் கொண்டுபோனாள். கேமராவின் அடியில் ஒரு குட்டிக் கதவு இருந்தது. நகத்தால் திறந்தாள். மெமரி கார்டு இருக்க வேண்டிய இடம் காலி. படங்களெல்லாம் அந்தக் கார்டில்தானே இருக்கும்!

அவளுடைய அம்மா ஹெலன் அப்போதுதான் அரிசி டிரம்முக்குள் படியை விட்டார்.

"அம்மா, நில்லுங்க!"

ஆஸ்லின் தோள்வரைக்கும் கையை விட்டுத் துழாவினாள். முதலில் இரண்டு டார்ச் பேட்டரி வந்தன. பிறகு ஒரு சாவி. அதற்கும் அடியில் ஒரு தீப்பெட்டி. தீப்பெட்டிக்குள், தீக்குச்சிகளுக்குப் பதிலாக மெமரி கார்டு!

"என் அரிசிக்குள்ள இவன் கடையே வச்சுருக்கானா?" ஹெலன் படியோடு எழுந்தார். "இரு, நாலு பேரு முன்னால வச்சுக் கேக்குறேன்."

"வேணாம்மா. நாலு பேரு முன்னால மட்டும் வேணாம். படம் கெடச்சுருச்சுல்ல."

ஹெலன் மகளைப் பார்த்தார். படியைக் கீழே வைத்தார். "சரி. ராத்திரி கேக்குறேன்" என்றார்.

ஆஸ்லின் கார்டில் ஒட்டியிருந்த தவிட்டை ஊதினாள். கேமராவுக்குள் தள்ளிக் கதவை மூடினாள். ஓடினாள்.

"தொடச்சுட்டேன் மாமா. இப்பப் போடுங்க."

மாமா வயரைச் செருகினார். வெள்ளைக் கட்டத்துக்குள், வலையின் மடியை அவிழ்த்ததும் கொட்டுகிற மீன்கள் மாதிரி, படங்கள் பொலபொலவென்று விழுந்தன. நூற்று எண்பத்து மூன்று படங்கள்!

"அப்பா! அந்தா நம்ம!" புஷ்பமேரி குதித்தாள்.

மாமா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "உப்புக்காத்து தின்னத திரும்ப வாங்கியாச்சு. எப்படின்னு கேளுங்க."

யாரும் கேட்கவில்லை.

படத்தில் புஷ்பமேரி வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிச் சிரித்தாள். பக்கத்தில் சவேரியார் மொடமொடப்பான வேட்டியில், சோதனைக்கு நிற்பவர்போல நின்றார். பின்னால் கடல், வலது ஓரத்தில் அவருடைய படகு. படகுக்கு மேலே, மூலையில், உருண்டையாகச் சிவப்பாக என்னவோ இருந்தது.

"இனிமேதான் எடிட்டிங். இந்தக் கடல எடுத்துட்டுப் பின்னால ஒரு பனிமலைய வைக்கிறேன் பாருங்க" என்றார் மாமா.

"ஏலே, கைய எடு!" என்றார் சவேரியார். "இந்தக் கடலு வேணும்னுதான் படமே கேட்டேன். பனிமலைய வச்சு நான் என்ன கருவாடா போடப்போறேன்?"

ஆஸ்லின் சிவப்பு உருண்டையை உற்றுப் பார்த்தாள். "மாமா, அந்த ஓரத்த மட்டும் வெட்டிருவோமா?"

"வெட்டுனா என் படகும் போயிருமே. இருக்கட்டும் பாப்பா" என்றார் சவேரியார்.

"அது என்ன மாமா, செவப்பா?" என்று கேட்டாள் புஷ்பமேரி.

"அதுவா?" மாமா ஒரு நொடிதான் யோசித்தார். "சூரிய அஸ்தமனம். லேசுல அமையாது. காத்துக் கெடந்து எடுத்தேன்."

அடுப்படியில் யாரோ இருமினார்கள். ஆஸ்லின் பிரிண்டரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நாலே முக்காலுக்குப் படம் சூடாக வெளியே வந்தது. சவேரியார் அதைச் செபப் புத்தகத்துக்குள் வைத்து, புத்தகத்தைத் துண்டில் சுற்றிப் பையின் நடுவில் வைத்தார். புஷ்பமேரி அவரோடு பஸ் நிற்கும் இடம் வரைக்கும் சிரித்துக்கொண்டே ஓடினாள்.

பத்து நாள் கழித்துச் சவேரியார் ஃபோன் செய்தார். படத்தை அறைச் சுவரில் ஒட்டியிருக்கிறாராம். கூட இருக்கிறவர்கள் எல்லாரும் அந்த அஸ்தமனத்தைத்தான் புகழ்கிறார்களாம். அன்றைக்கே மாமா வாசல் பலகையில் 'அஸ்தமனப் படங்களுக்கு அணுகவும்' என்று ஒரு வரி சேர்த்தார்.

படம் எடுத்தது காலை பத்தரை மணிக்கு. அது மாமாவின் கட்டைவிரல்.