தலைவரின் கார் பள்ளத்தில் நின்றது

"வண்டி தானா நின்னுச்சுன்னு எங்க வூட்டுக்காரு சொல்றாரு. அவன் தூங்கிட்டான்னு தலைவர் சொல்றாரு. அவரு தூங்கலைண்ணே," என்றாள் சைமா.

எண்ணூர் சாலையில் அந்தக் கார் ஏறி மீன் விற்கும் பெண் ஒருத்தி செத்துப் பதினோரு நாள். ஓட்டிய மஜீது, சைமாவின் கணவன், சிறையில் இருந்தான். காரின் சொந்தக்காரர் செங்குட்டுவன் ஒரு சங்கத்தின் ஆயுட்காலத் தலைவர். அதன் உறுப்பினர்களைக் கண்டவர் கல்மண்டபம் பகுதியில் எவருமில்லை.

மெக்கானிக் ஜெயவேல் நிதானமாகக் கேட்டார்: "நின்னப்போ வேற இன்னா ஆச்சாம்?"

"பள்ளத்துல எறங்குச்சாம். இன்ஜின், பாட்டு எல்லாம் ஒண்ணா நின்னுபோச்சாம். ஸ்டியரிங், பிரேக்கு ரெண்டும் கல்லு மாதிரி ஆயிடுச்சாம்."

"தாராளமாகச் சோதிக்கட்டும்!" என்று, போலீஸ் திருப்பித் தந்த காரைத் தலைவரே கொண்டுவந்தார். கைமுட்டியளவு பித்தளைச் சிங்கம் தொங்கிய கொத்திலிருந்து கார் சாவியை மட்டும் கழற்றிக் கொடுத்தார். "மெக்கானிக்கிட்ட வூட்டுச் சாவியைத் தருவாங்களா?"

ஜெயவேலின் கூட்டாளி ஃப்ரெடி ஸ்கேனரோடு பாய்ந்தான். "பெட்ரோல் பம்ப்பு தான் மாமு! எழுதி வெச்சுக்கோ!"

மூன்று நாள் திருவொற்றியூர் முதல் எண்ணூர் வரை ஒரு பள்ளம் விடாமல் இறக்கினார்கள். கார் ஒருமுறைகூட நிற்கவில்லை. ஸ்கேனரும் குறை சொல்லவில்லை.

"அப்போ மஜீது தூங்கிட்டானா?" ஃப்ரெடியின் குரல் இறங்கியது.

"பம்ப்பு போனா பாட்டு நிக்குமா?" ஜெயவேல் ஸ்டியரிங்குக்குக் கீழே டார்ச் அடித்தார். சாவி போடும் இடத்துக்கடியில் பிளாஸ்டிக்கில் பிறை பிறையாகக் கீறல் விழுந்திருந்தது. "ஒத்தைச் சாவி இப்படிக் கீறாது."

மறுநாள் தலைவரையும் சைமாவையும் வரவழைத்தார். "தலைவரே, கொத்தோட நீங்களே ஓட்டுங்க."

மூன்றாவது பள்ளத்தில் இன்ஜின் செத்தது. மீட்டர் விளக்குகள் அணைந்தன. பின்னால் வந்த டிரெய்லர் அலறியபடி ஒரு சாண் தள்ளி நின்றது. தலைவரின் கஞ்சிச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

காரை ஓரங்கட்டியதும் ஜெயவேல் சொன்னார்: "சாவி போடுற லாக் தேஞ்சுபோச்சு. பள்ளத்துல சிங்கம் குதிச்சா சாவி ஆஃப்புக்குத் திரும்பிடும். ஒர்க்‌ஷாப்புக்கு வரும்போது மட்டும் கொத்தைக் கழட்டிடறீங்க. அதான் அங்க வண்டிக்கு நோயே தெரியலை. மஜீதுக்கு ஏன் கொத்தோட குடுத்தீங்க?"

"அவன் நம்பிக்கையான ஆளு. சங்க ஆபீஸை அவன்தானே தொறப்பான்..." தலைவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"இதை போலீஸ்ல நீங்க சொல்லணும்," என்றார் ஜெயவேல்.

"சங்கத்துல என்ன நினைப்பாங்க?"

சைமா அவரையே பார்த்தாள். "செத்தவங்க வூட்ல இன்னா நெனைக்கிறாங்கன்னு கேட்டீங்களா?"

ஜெயவேல் காரின் கதவைத் திறந்து பிடித்தார். தலைவர் ஏறவில்லை, சாலையைப் பார்த்துக் கை நீட்டினார். ஆட்டோ ஒன்று வந்து நின்றது.

"எங்க சார்?" என்றான் ஆட்டோக்காரன்.

தலைவர் வாயைத் திறப்பதற்குள் சைமா ஏறி உட்கார்ந்தாள்.

"போலீஸ் ஸ்டேஷனுக்கு," என்றாள்.