விழுங்குகண்

சட்டையை வாசலிலேயே கழற்றி உதறி வெளிக்கொடியில் போட்ட பிறகுதான் செல்வின் குழாயைத் திறப்பான். முதலில் கை. பிறகு புருவம், காது மடல், மூக்குத் துவாரம். கடைசியாகத் தலை. தூத்துக்குடி துறைமுகச் சாலையில் அவன் புரோட்டா மாஸ்டர். மாவு வீசுகிறவன் உடம்பில் மாவு எங்கெல்லாம் ஒளிந்திருக்கும் என்று அவனுக்குத் தெரியும். ஆனாலும் குளித்து முடித்ததும் சந்தேகம் வரும். மறுபடியும் காதைக் கழுவுவான்.

கதவுக்கு உள்ளே ஏழு வயது ஜெனிட்டா காத்திருப்பாள்.

"முடிஞ்சுதாப்பா?"

"இந்தா வந்துட்டேன்."

"காதுக்குப் பின்னால?"

"ரெண்டு தடவ கழுவிட்டேன்ட்டி."

அதற்குப் பிறகே மகள் அவன் மேல் தாவுவாள்.

கடல் உள்ளே வந்து ஆற்றுப்படுகை வயல்களை உப்பாக்கிய பிறகு, நெல் நகரத்து அடுக்கு வயல்களில் மட்டுமே விளைந்தது. கண்ணாடிக் கட்டடம், மாடிக்கு மாடி நாற்று, குழாயில் நன்னீர். அந்த அரிசி கல்யாண வீடுகளுக்கும் வசதியானவர்களுக்கும் போயிற்று. மற்றவர்களுக்கு உவர்க்கோதுமை. உப்பு மண்ணிலும் தழைக்கும்படி ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிய பயிர் அது. இட்லி அதில்தான், கஞ்சியும் அதில்தான். ஊரையே பசியிலிருந்து காப்பாற்றிய தானியம்.

ஜெனிட்டா போன்றவர்களை மட்டும் அது காப்பாற்றவில்லை. கோதுமையில் உள்ள பசைப்புரதம் உள்ளே போனால் அவர்கள் உடம்பு அதைப் பகையென்று நினைத்துச் சண்டைக்குப் போகும். அடி விழுவது சொந்தக் குடலுக்கு. சத்தை இழுத்துக்கொள்ளும் குடலுறிஞ்சிகள், வெல்வெட் துணியின் மயிரிழை போல நிற்க வேண்டியவை, தேய்ந்து வழவழப்பாகிவிடும். எவ்வளவு தின்றாலும் பிள்ளை மெலியும். இந்தப் பசைநோய்க்கு மருந்து கிடையாது. பசை படாத சாப்பாடுதான் மருந்து.

அரசு அவர்களுக்கு அரிசி கொடுத்தது. முதலில் மருத்துவர் சான்றுக்குக் கொடுத்தார்கள். சான்று விலைக்கு விற்றது, அரிசி பங்களாக்களுக்குப் போனது. பிறகுதான் விழுங்குகண் வந்தது. சுண்டைக்காய் அளவு. விழுங்கினால் சிறுகுடல் வரை ஊர்ந்து போய், மடிப்பு மடிப்பாகப் படம் எடுத்து, தானே தீர்ப்புச் சொல்லும். நடுவில் மனிதர் யாரும் இல்லை.

"லஞ்சம் வாங்க அதுக்குக் கை கெடையாது அண்ணாச்சி" என்று செல்வினே கடை முதலாளியிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறான்.

ரேஷன் அரிசியில் ஒரு மணி கூட ஜெனிட்டாவைத் தவிர யார் வாய்க்கும் போகாது. வடித்த கஞ்சியை அவன் மனைவி மெர்சி கொட்ட மாட்டாள். அது மறுநாள் ரசத்துக்கு. மாதக் கடைசியில் அரிசி குறையும்போது பனங்கிழங்கு, மரவள்ளி. கடைப் பெருங்காயத்தில் கோதுமை மாவு சேர்ப்பார்கள் என்பதால் அந்த வீட்டு ரசத்தில் பெருங்காயம் விழுந்ததே இல்லை. கணவனும் மனைவியும் கடையில் மிஞ்சிய புரோட்டாவை வாசலில் உட்கார்ந்து தின்று, வாய் கொப்பளித்துவிட்டு உள்ளே வருவார்கள்.

இரண்டு வருடம் இப்படிக் காத்தார்கள். ஜெனிட்டாவின் கன்னம் உப்பியது. பழைய பாவாடை எதுவும் அவளுக்கு எட்டவில்லை.

இரண்டு வருடத்துக்குக் கொடுத்த முதல் அரிசி அட்டை முடிந்து, இனி வருடாவருடம் அதைப் புதுப்பிக்கும் சோதனை வந்தது. சோதனை நிலையத்தில் கருவியைப் பார்த்துக்கொள்ளும் முத்தரசி அக்கா பக்கத்துத் தெருக்காரி. ஜெனிட்டா கண்ணை விழுங்கிவிட்டு நாக்கை நீட்டிக் காட்டினாள். மதியத்துக்குள் திரையில் படம் வந்தது. இளஞ்சிவப்பு வெல்வெட். அதன் கீழே பச்சை எழுத்து.

குடலுறிஞ்சிகள்: முழுமை. பசைநோய்: இல்லை. அரிசி: நிறுத்தம்.

செல்வின் முதல் வரியை மட்டும் படித்துச் சிரித்தான். "தேறிட்டாளாக்கா?"

"கடைசி வர படி."

படித்தான். மறுபடியும் படித்தான். தான்தான் தப்பாகப் புரிந்துகொண்டோமோ என்று நினைத்தான்.

"அரிசி திங்கப்போயில்லா கொடல் ஆறியிருக்கு? அத நிறுத்துனா மறுபடி புண்ணாயிருமேக்கா."

"எனக்குத் தெரியும்ல. கண்ணுக்குத் தெரியாதே. அது புண்ணு இருக்கான்னு மட்டுந்தான் பாக்கும்."

"டாக்டர்ட்ட எழுதி வாங்கிட்டு வரட்டா?"

"டாக்டர் சீட்டு செல்லக்கூடாதுன்னுதான இதயே கொண்டுவந்தாவ."

முத்தரசி வரிசையை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அடுத்த மாசம் மறுசோதனை உண்டு. அன்னைக்குச் செவப்பு வந்தா அட்ட திரும்பக் கெடைக்கும்."

"நல்லா இருக்க பிள்ளைக்குச் செவப்பு எப்படிக்கா வரும்?"

"நீ என்ன வேல பாக்க?"

"புரோட்டா மாஸ்டர்."

"பெறவு எங்கிட்ட எதுக்குல கேக்க?"

வீட்டில் மெர்சி அழவில்லை. அரிசி டின்னைத் திறந்து உள்ளே கை விட்டுப் பார்த்தாள்.

"வெளியே வாங்கிப் பாப்போமா?" என்றான் செல்வின்.

"ஒங்க சம்பளத்துக்கா? ஒரு வாரம் ஓடாது."

"கெழங்கு?"

"கெழங்க மட்டும் தின்னு எத்தன நாளு இருப்பா? வளர்ற பிள்ளங்க."

"ஒரு மாசம் புரோட்டா குடுத்தா வருசம் முழுக்கச் சோறு."

"அந்த ஒரு மாசத்துல இவளுக்கு எதாவது ஆச்சுன்னா?"

செல்வின் அரிசி டின்னை மூடினான். வேறு வழியைத் தான் யோசிக்காமல் விட்டிருக்கலாம், தன்னைவிடக் கெட்டிக்காரனுக்கு அது தெரிந்திருக்கலாம் என்று பட்டது. அப்படி ஒருவனும் அவனுக்குப் பழக்கமில்லை.

மறுநாள் சாயங்காலம் அவன் சட்டையைக் கழற்றாமல் வீட்டுக்குள் வந்தான். கையில் வாழையிலைப் பொட்டலம். கடையில் அன்று வீசியதிலேயே மெல்லிய மாவை எடுத்து, சுருட்டி, கல்லில் நிதானமாக வேகவிட்டு, இரு கையாலும் அடித்து உதிர்த்திருந்தான். ஏன் அவ்வளவு கவனமாகச் செய்தோம் என்று வழியெல்லாம் அவனுக்கு வெட்கமாக இருந்தது.

ஜெனிட்டா தள்ளி நின்றாள். "அப்பா, மாவு!"

"பரவால்ல, வா."

"எனக்கு ஆகாதுல்லா?"

"கொஞ்ச நாளைக்கு ஆகும். முத்தரசி அத்த சொல்லிருக்காவ."

அவள் ஓர் அடுக்கைப் பிரித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். பிறகு வாயில் போட்டாள். கண் விரிந்தது.

"கடைக்கு வாரவங்களுக்கெல்லாம் இதத்தான் குடுப்பியா?"

"ஆமா."

"எனக்கு மட்டும் இவ்வளவு நாளா ஒளிச்சு வச்சிருந்திருக்க!" அவள் விரலை நக்கினாள். "இன்னொண்ணு தா."

அவளுக்கு நினைவு தெரிந்து தன் கைப்புரோட்டாவை அவள் தின்று பார்த்ததில்லை. இன்னொன்றைப் பிய்த்துப் போட்டபோது அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மெர்சி பார்த்துவிட்டாள். எழுந்து உள்ளே போனாள்.

ஒரு வாரத்தில் வயிறு ஊதியது. வாயெல்லாம் புண். பள்ளிக்கூடத்தில் வாந்தி எடுத்தாள். மாதம் முடியும் தறுவாயில் அவளாகவே, "போதும்ப்பா, எனக்கு இது பிடிக்கல" என்று இலையைத் தள்ளினாள். செல்வின் சின்னச் சின்னத் துண்டாகப் பிய்த்து ஊட்டினான். பாதியில் விட்டால் பச்சை வந்துவிடும். பட்ட பாடெல்லாம் வீணாகும்.

மறுசோதனை நாளில், அந்த மாதம் அட்டை புதுப்பிக்க வந்தவர்களோடு நின்றபோதுதான் அவன் வரிசையைச் சரியாகப் பார்த்தான். ஊதிய வயிறும் ஒட்டிய கன்னமுமாகப் பிள்ளைகள். பெற்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள். ஒரு அப்பா, மகன் வாயோரத்து ரொட்டித் துகளைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டார்.

"எல்லாருமேவாக்கா?"

"வருசா வருசம்" என்றாள் முத்தரசி. "இந்த வருசம் நீ ஒருத்தன்தான் ஒழுங்கா பத்தியம் காத்துட்டு வந்து நின்ன."

திரையில் வெல்வெட் வழுக்கையாகியிருந்தது. சிவப்பு. அரிசி வந்தது.

அடுத்த வருடம் அவனுக்கு முறை தெரிந்துவிட்டது. எப்போது தொடங்க வேண்டும், எவ்வளவு கொடுத்தால் புண் தெரியும், எதைத் தாண்டினால் பிள்ளை எழுந்திருக்க நாளாகும். ஒவ்வொரு துண்டையும் பிய்க்கும்போது இது கூடவோ, குறைவோ என்று யோசிப்பான். ஜெனிட்டா இப்போது கேள்வி கேட்பதில்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்குவாள். வகுப்பில் அவள்தான் குட்டை.

அந்த வருடச் சோதனைக்கு அவன் கடையிலிருந்து நேராக வந்து அவளைத் தூக்கிக்கொண்டு போனான். கண்ணை யாருக்கும் விழுங்கக் கொடுக்கவில்லை. பெரிய திரையில் அறிவிப்பு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

'விழுங்குகண் பன்னிரண்டு ஆண்டுகளில் எடுத்த படங்கள் யாவும் ஆராயப்பட்டன. அரிசி பெற்றுவரும் பசைநோயாளிகளில் ஒருவருக்கேனும் குடல் தேறியதாகச் சான்று இல்லை. ஆகவே அரிசி இந்நோய்க்குத் தீர்வன்று என்பது தெளிவாகிறது. அரிசி வழங்கல் இன்றுடன் நிறைவடைகிறது.'

"பொய்யி!" என்று செல்வின் கத்தினான். "எம்பிள்ளைக்குத் தேறிச்சு. போன வருசம் பச்ச வந்துச்சுல்லா? இந்தக் கண்ணுதான படம் எடுத்துச்சு? எடுத்துக் காட்டுங்கக்கா!"

முத்தரசி திரையில் தேடினாள். அவளுக்கு விடை முன்பே தெரியும் என்பது அவள் விரல்கள் நகர்ந்த விதத்தில் தெரிந்தது.

"செவப்புப் படம் மட்டுந்தான் இருக்கு. பச்ச வந்தா நோயாளியே கெடையாதுன்னுதான கணக்கு? நோயில்லாதவ படம் நோயாளிங்க கணக்குல எப்படி நிக்கும்? அன்னைக்கே தூக்கிருச்சு."

வரிசையில் ஒருவர் மெதுவாகச் சொன்னார். "எங்க வீட்டுலயும் மொத வருசம் பச்சதான்."

"எங்களுக்கும்" என்றாள் பின்னால் நின்ற பெண்.

இன்னொரு குரல். அப்புறம் இன்னொன்று. பன்னிரண்டு வருடம் அவரவர் வீட்டுக்குள் ஒளித்து வைத்த பச்சை, காட்டுவதற்கு ஒரு படம்கூட இல்லாமல் அந்த அறையில் நின்றது.

திரும்பும் வழியில் ஜெனிட்டா தோளில் சாய்ந்தபடி கேட்டாள். "இனிமே கண்ண முழுங்க வேண்டாமாப்பா?"

"வேண்டாம்."

"எப்பவுமே?"

"ஆமா."

அவள் தோளிலிருந்து தலையைத் தூக்கினாள். பிறகு, பல நாளுக்குப் பின் முதல் முறையாக, சிரித்தாள். "அப்ப இனிமே புரோட்டாவும் திங்க வேண்டாம்!"

வீட்டு வாசலில் அவளே இறங்கிக்கொண்டாள். ஓடிப்போய்க் கதவுக்கு உள்ளே நின்று குழாயைக் காட்டினாள். "சோதனதான் முடிஞ்சுட்டே. கழுவிட்டு வா."

செல்வின் சட்டையைக் கழற்றி உதறி வெளிக்கொடியில் போட்டான். கையைக் கழுவினான். புருவம், காது மடல், மூக்குத் துவாரம்.

"காதுக்குப் பின்னால?"

"ரெண்டு தடவ கழுவிட்டேன்ட்டி."

குழாயை மூடாமல் அவன் அங்கேயே நின்றான். அரிசி நின்ற சேதி அவர்களுக்கு முன்பே தெருவுக்கு வந்துவிட்டிருந்தது. தண்ணீர்ச் சத்தத்தையும் மீறி, அடுக்களையில் மெர்சி கோதுமை மாவை அறைந்து பிசைந்துகொண்டிருப்பது கேட்டது.