மோட்டார் தயாராக உள்ளது

குற்றாலச் சாரல் டவர் வேலியைத் தாண்டி வயலுக்குள் சாய்ந்துகொண்டிருந்தது. ஜெகதீஸ்வரன் பைக்கை நிறுத்திவிட்டு கேபினைத் திறந்தான். உள்ளே சுட்ட வயர் வாடை. டவர் பராமரிப்பில் அவன் ஒப்பந்த ஆள். சீசன் வந்தால் இங்கே ஒரே வேலைதான்.

அருவிக்கு வந்த கூட்டம் முழுக்க இந்த டவரில்தான் பேசுகிறது. சுற்றியுள்ள கிணற்று மோட்டார்களும் இதில்தான். ஒவ்வொரு மோட்டார் பெட்டிக்குள்ளும் ஒரு சிம். மும்முனை கரண்ட் வந்ததும் அத்தனையும் ஒன்றாக விழித்து டவரைப் பிடித்துத் தொங்கும். மனுசன் பேச வழி இருக்காது.

"மோட்டாரையெல்லாம் பின்னால தள்ளியாச்சு அண்ணாச்சி," என்றாள் போனில் அனுசியா, திருநெல்வேலி ஆபீசிலிருந்து. "ஆளுகளுக்குத்தான் முதல் வழி. மேலிட உத்தரவு."

"சரி."

போன சீசனிலும் இதே உத்தரவு, இதே 'சரி'தான். கரண்ட் வந்தால் தானாக ஓடும்படி வயல்காரர்கள் பெட்டியை வைத்திருப்பார்கள். கிணற்றில் இறங்குமுன் ஓடாதே என்று போனில் அடிப்பார்கள். பதில் வரும்வரை யாரும் நிற்பதில்லை. சொன்ன பேச்சு கேட்கிற பெட்டிதானே! பக்கத்து வயல் சிவசைலமும் அப்படித்தான் அடித்துவிட்டு இறங்கினார். அடித்தது போய்ச் சேரவில்லை. கரண்ட் வந்தது, ஈரத்தில் கசிந்தது. விதி என்று சொல்லி ஊர் எரித்துவிட்டு வந்தது.

"அண்ணாச்சி..." அனுசியாவின் குரல் தாழ்ந்தது. "ஒண்ணு மட்டும் பின்னால போகமாட்டேங்கு. செத்த சிம்முன்னு காட்டுது. ஆனா உங்க நம்பருக்கு அடிக்குது."

லைன் அறுந்தது.

உடனே போன் ஒலித்தது.

"மோட்டார் தயாராக உள்ளது."

மோட்டார் பெட்டிகளிலிருந்து பதில் சொல்லும் அதே பெண்குரல். அதன் பின்னால் யாரோ தண்ணீருக்குள் மூச்சுவிடப் பார்த்தார்கள்.

கேபினில் பாசி வாடை அடித்தது.

ஜெகதீஸ்வரன் ஓடினான். வேலிக்கு அந்தப் பக்கம்தான் சிவசைலத்தின் கிணறு. விளிம்பில் ஒரு ஜோடி செருப்பு. பாதிப் படியில் அவர் மகன் சந்தோஷ்குமார்.

"ஏலே, மேல ஏறுலே!"

"என்ன அண்ணாச்சி இப்படி ஓடியாறீக? ஆஃப் அடிச்சிட்டுத்தான் இறங்குதேன்."

"பதில் வந்துச்சா?"

"அது வரும்போது வரும். பொண்ணு வீட்டுப் பதிலா, காத்துக் கிடக்க?"

ஜெகதீஸ்வரன் மோட்டார் பெட்டியின் ஃப்யூஸைப் பிடுங்கி வயலுக்குள் எறிந்தான். சந்தோஷ்குமார் மேலே வந்தான். இப்போது அவன் முகத்தில் சிரிப்பில்லை.

"ஒங்கப்பா போட்ட சிம் எங்கலே?"

"பெட்டியோட அன்னைக்கே எரிஞ்சு போச்சுல்லா. இது புதுசு."

ஜெகதீஸ்வரன் அனுசியாவைக் கூப்பிட்டான். "மோட்டாரையெல்லாம் தொறந்து விடு. இப்பவே."

"முடியாது அண்ணாச்சி. என் வேலை போயிரும். உங்க வேலையும்தான்."

வேலை என்றதும் அவன் போனை வைத்தான்.

அது மறுபடி ஒலித்தது.

"மோட்டார் தயாராக உள்ளது."

இந்த முறை பின்னால் மூச்சுச் சத்தம் இல்லை. யாரோ ஒரு பெண் பாட்டு முணுமுணுத்தபடி ஈரப் படிகளில் இறங்கிக்கொண்டிருந்தாள்.

எந்தக் கிணறு?

சாரலுக்குள் எந்தப் பக்கம் திரும்பினாலும் கிணறுகள்.

தூரத்தில் ஒரு மோட்டார் உறுமியது. பாட்டு நின்றது.