இரண்டு ஈயக் கட்டிகள்

வாண்டு என்றால் அந்தப் படகுத்துறையில் தெரியாதவர் இல்லை. அவளுக்கு வயது பத்து, அவள் வாய்க்கு வயது நாற்பது. அவளும் அக்காவும் சேர்ந்து ஒரு சின்னப் பந்தயப் படகை ஓட்டுகிறார்கள். அக்கா சுக்கான் பிடிப்பாள், வாண்டு முன்பாயைப் பார்த்துக்கொள்வாள்.

அங்கே ஓடும் பாய்மரப் படகுகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. நீளம், பாய், கவிழாமல் காக்க அடியில் பொருத்திய கனத்த தகடு, மொத்த எடை எல்லாமே ஒன்றுதான். படகு நல்ல படகு, அதனால்தான் ஜெயித்தார்கள் என்று ஒருவரும் முணுமுணுக்க முடியாது. எடை குறைந்தால் வேகம் கூடிவிடும் என்பதால், சற்றுக் குறையும் படகில் இருக்கைக்கு அடியில் ஈயக் கட்டிகளைத் திருகிச் சரிக்கட்டுவார்கள். அக்காவின் படகில் அப்படி இரண்டு இருந்தன.

அக்கா எத்தனையோ வருடமாக முயன்றும் கோப்பையைத் தொட்டதில்லை. வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போகப்போகிறாள். அவளுக்கு இதுதான் கடைசிப் பந்தயம்.

அதனால் வாண்டு காலையிலேயே கொட்டகைக்குப் போய்ப் படகைத் தேய்க்க ஆரம்பித்தாள். ஈயக் கட்டிகளுக்கு அடியிலும் அழுக்கு. அவற்றைக் கழற்றி வாளியில் போட்டுவிட்டு அந்த இடத்தைத் துடைத்தாள். அதற்குள் அக்கா பாய் ஏற்றக் கூப்பிட்டாள். கையிலிருந்த துணியை வாளியில் எறிந்துவிட்டு ஓடினாள்.

பந்தயத்தில் ரொட்டிக்கடைக்காரரின் படகு கடைசிவரை விடாமல் ஒட்டிக்கொண்டே வந்தது. கடைசி மிதவையைச் சுற்றியதும் அக்கா மெல்ல முந்தினாள். ஒரு கை நீளத்தில் வெற்றி!

தன் தொப்பைதான் காலை வாரிவிட்டது என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே ரொட்டிக்கடைக்காரர் கை குலுக்கினார். அக்கா கோப்பையைக் கீழே வைக்கவே இல்லை.

படகைக் கழுவலாம் என்று வாண்டு கொட்டகைக்குப் போய் வாளியைத் தூக்கினாள். வாளி கனத்தது. துணியை விலக்கினால், திருப்பிப் பொருத்த மறந்த இரண்டு ஈயக் கட்டிகளும் அடியில் கிடந்தன.

சட்டைப்பையில் திருப்புளி இருந்தது. கொட்டகையில் யாரும் இல்லை. வருட ஆரம்பத்தில் ஒருமுறை எடை பார்த்த படகை மறுபடி யாரும் எடை பார்க்க மாட்டார்கள். நிமிடத்தில் திருகிவிடலாம். ஆனால் ரொட்டிக்கடைக்காரரின் சிரிப்பு கண்ணுக்குள்ளேயே நின்றது. வாண்டு போய் அக்காவைத் தனியாகக் கூட்டிவந்து வாளியைக் காட்டினாள்.

அக்கா குனிந்து கட்டிகளைத் தொட்டுப் பார்த்தாள்.

"இதை ஏன்டி எங்கிட்ட சொன்ன?"

"கோப்பை உன்னுதுக்கா. உங்கிட்ட சொல்லாம வேற யார்கிட்ட சொல்றது?"

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு வாளியை ஒரு கையிலும் கோப்பையை மறு கையிலும் எடுத்துக்கொண்டு நடுவரிடம் போனாள். தவறு நடந்துவிட்டது, கட்டிகள் இல்லாமல் ஓடிவிட்டோம் என்றாள். யார் கழற்றியது என்று அவர் கேட்டதற்கு, படகு என் பொறுப்பு என்று மட்டும் சொன்னாள். நடுவருக்கும் மனசு கேட்கவில்லை. ஆனாலும் விதி விதிதானே. கோப்பை ரொட்டிக்கடைக்காரருக்குப் போனது. அவர் அதைச் சங்கடத்தோடு வாங்கிக்கொண்டார், தொப்பையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது வாண்டு நாலடி பின்தங்கியே வந்தாள். தான் அந்த இடத்தைத் துடைக்காமலே இருந்திருக்கலாம் என்று ஆயிரம் தடவை நினைத்தாள்.

தெருமுனையில் அக்கா நின்றாள்.

"கட்டி இருந்திருந்தாலும் ஜெயிச்சிருப்போமாடி?"

ஆமாம் என்று சொல்லிவிட வாண்டுக்கு ஆசைதான். ஆனால் பொய் வரவில்லை.

"தெரியலக்கா."

"எனக்கும் தெரியல. இனிமே தெரியவும் போறதில்ல. அதுதான் வலிக்குது." அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கோவம் இன்னும் போகல. ஆனா பின்னாடி வராத, பக்கத்துல வா."

வாண்டு ஓடிப்போய் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். வீடு வரும்வரை அக்கா அந்தக் கையை விடவில்லை.