ஆளில்லாத வீட்டில் மணல் ஈக்கள்

மேர்சி சுவரிலிருந்து உறிஞ்சியெடுத்த முதல் மணல் ஈயின் வயிறு சிவந்திருந்தது.

வாயிலிருந்த இறப்பர் குழாயை எடுத்துவிட்டு, அதன் மறுமுனையிலிருந்த கண்ணாடிக் குழலுக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தாள். நுளம்பில் பாதிகூட இல்லாத பூச்சி, சிறகுகளை மேலே தூக்கியபடி நின்றது. வயிற்று இரத்தம் இன்னும் கறுக்கவில்லை. குடித்துச் சற்று நேரம்தான் ஆகியிருக்கும். ஆறாத தோல் புண்ணைப் பரப்பும் இந்த ஈக்களைத் தேடி மாட்டுக்கொட்டில்களிலும் புற்றடிகளிலும் வருடக்கணக்காக அலைந்தவளுக்கு அது பார்த்தவுடன் தெரியும். ஆனால் இந்த வீட்டில் மாடில்லை. நாயில்லை. ஆளுமில்லை.

கரடியனாற்றில் கடைசி வயல் வட்டைக்கும் காட்டுக்கும் இடையில் தனித்து நின்ற இரண்டறை வீடு அது. அங்கே தனியாக இருந்த கந்தப்போடி, கன்னத்துப் புண்ணுக்கு ஆசுபத்திரியில் மருந்தெடுக்க வருவதைத் திடீரென நிறுத்திவிட்டார். வெல்லாவெளியிலிருக்கும் மகளிடம் போய்விட்டார் என்று ஊரில் சொன்னார்கள். அவருக்கு நோய் தொற்றிய இடம் இதுவா என்று பார்க்கத்தான் மேர்சி வந்திருந்தாள். சாரதி யோகராசா அவளை இறக்கிவிட்டு, ஆற்றுக்கு அந்தப் பக்கத்து மாட்டுப்பட்டியில் ஈ பிடிக்கும் விளக்குப் பொறி கட்டப் போயிருந்தார். மற்றவர்கள் தட்டிக்கழிக்கும் இந்த அந்திநேர வேலைகளை மேர்சி கேட்டு வாங்குவாள். மட்டக்களப்பு டவுனிலிருந்த அவளுடைய வாடகை அறையில் விளக்குப் போட்டு வைக்க ஒருவருமில்லை.

சுவர் வெடிப்புகளில், ஈக்கள் ஒட்டிக்கொள்ள ஆமணக்கெண்ணெய் தடவிய தாள்களைச் செருகினாள். இறவாரத்தில் விளக்குப் பொறியைத் தொங்கவிட்டாள். அதன் சின்ன விசிறி முனகத் தொடங்கியதும், வயற்சேற்று வாடையும் ஈரப் புற்றுமண் வாடையும் ஒன்றாகி முற்றத்தில் இருள் இறங்கியது. அப்போது தொலைபேசி அடித்தது.

"மிஸ், பாலத்தடியில யான நிக்கிது. ஒத்தையன். நான் இஞ்சால மாட்டிக்கிட்டன்," என்றார் யோகராசா.

"எவ்வளவு நேரமாகும் அண்ணன்?"

"அது விலகினா உடன வாறன். நீங்க வெளிய இறங்கிராதீங்க. கதவச் சாத்திப்போட்டு உள்ளுக்கு இரிங்க."

அவள் கதவைச் சாத்தினாள். சும்மா இருந்தால் பயம் வரும் என்று வேலையைத் தொடர்ந்தாள். இரண்டாவது ஈ, சிவப்பு. அடுத்ததும் சிவப்பு. மணல் ஈ தூரம் பறக்காது. சுவரோரமாகத் தத்தித் தத்திப் போகும், குடித்த இடத்துக்குப் பக்கத்திலேயே இருந்துவிடும். உள்ளறையை நெருங்க நெருங்கச் சுவரில் அவை கூடிக்கொண்டே வந்தன. கந்தப்போடி திரும்பி வந்து எழும்ப முடியாமல் கிடக்கிறாரோ? அந்த நினைப்பு வந்ததும் பயத்தை மீறிப் பதற்றம் பிடித்தது.

"ஐயா? உள்ளுக்கு இரிக்கிறீங்களா?"

டோர்ச்சோடு உள்ளே போனாள். உள்ளறையில் ஒரு கட்டில் மட்டும் சுவரோரமாகக் கிடந்தது. உறையில்லாத பஞ்சு மெத்தை. அதன் நடுவில் ஒருவர் நெடுங்காலம் கிடந்த பள்ளம்.

தொலைபேசி மறுபடி அடித்தது.

"மிஸ், இஞ்ச பட்டிக்காரர் ஐயாட மகளுக்குக் கோல் எடுத்துத் தந்தவர். மனுசன் அங்க வரவே இல்லயாம். அவவும் தேடுறாவாம். மிஸ்? கேக்குதா—"

இணைப்பு அறுந்தது.

கட்டிலுக்கு மேலே ஈக்கள் பறந்துகொண்டிருந்தன. சத்தமே இல்லை. மணல் ஈ இரையாது. கைகள் பழக்கத்தில் தம் வேலையைச் செய்தன. இறப்பர் முனையை வாயில் வைத்தாள். கண்ணாடி முனையைக் கட்டில் பக்கமாக நீட்டினாள். உறிஞ்சினாள்.

காற்று வரவில்லை. மறுமுனையை எதுவோ அடைத்திருந்தது.

பிறகு வந்தது. அவள் இழுக்காமலே வந்தது. வெதுவெதுப்பாய், வெற்றிலையும் மருந்தும் மணக்க, அவள் வாய்க்குள் ஒரு மூச்சு.

குழாயைத் துப்பினாள். கண்ணாடி தரையில் உடைந்தது. ஓட நினைத்தாள். ஆனால் சுவரைப் பிடித்தபடி கட்டிலடியிலேயே இருந்துவிட்டாள். டோர்ச்சைக் கட்டில் பக்கம் திருப்பினாள்.

வெளிச்சத்தில் ஈக்கள் இறங்கின. மெத்தையில் அல்ல. மெத்தைக்கு ஒரு சாண் மேலே, வெறும் காற்றில். ஒன்று உட்கார்ந்தது. பக்கத்தில் இன்னொன்று. ஒரு நெற்றி. மூக்கின் சரிவு. கன்னத்தில் மட்டும் ஒரு வட்டம், ஈக்கள் தொடாத குழி. கழுத்து. தோள். சாம்பல் நிற வயிறுகள் ஒவ்வொன்றாய்ச் சிவந்தன. மெல்ல. நிரம்ப நிரம்ப.

"ஐயா," என்றாள் மேர்சி. அவளுக்கே கேட்காத குரலில்.

ஈக்களாலான முகம் அவள் பக்கம் திரும்பியது.

கட்டில் கிரீச்சிட்டது. மெத்தையின் பள்ளம் அசைந்தது. நடுவிலிருந்து சுவரோரத்துக்கு, கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, அவள் பக்கமாக ஓர் ஆள் படுக்க இடம் விட்டது.