உயிரிணை

தம்பியின் இதயம் இரண்டாம் முறை நின்றபோது, அங்கயற்கண்ணி உயிரிணைப் பட்டையை நெற்றியில் இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

மதுரையில் இப்போது எந்தத் தீவிர சிகிச்சைப் பிரிவிலும் சொந்தக்காரர்களை வெளியே நிறுத்துவதில்லை. நின்ற இதயத்தை மருத்துவர்கள் மீட்கும்போது, நெருங்கிய ஒருவர் பட்டை அணிந்து அருகில் நிற்பார். நோயாளியின் வலி அவருக்கு வரும். அவர் மனத்தில் இருப்பது நோயாளிக்குப் போகும். அன்பு உயிரை இழுத்து வரும் என்பது அதைக் கண்டுபிடித்தவர்களின் நம்பிக்கை.

அம்மாவின் கடைசி நாளில் பட்டை அணிந்து நின்றவன் தம்பி செழியன். அங்கயற்கண்ணி ஊரிலிருந்து ஓடி வருவதற்குள், "போதும், விட்டுருங்க" என்று கழற்றிவிட்டான். அதன் பிறகு அவள் அவனோடு பேசவே இல்லை. இன்று அவள் வந்தது பாசத்தால் அல்ல.

மருத்துவர் செழியனின் மார்பை அழுத்த அழுத்த, விலா எலும்பு முறிகிற வலி அவள் நெஞ்சில் பாய்ந்தது. பல்லைக் கடித்தாள். 'அனுபவிடா. அம்மாவை விட்ட மாதிரி உன்னை லேசா விட மாட்டேன்.'

"போதும்மா. அவர் உடம்பு தாங்காது," என்றார் மருத்துவர் ஃபர்ஸானா.

"தாங்கும். அழுத்துங்க."

பட்டை சூடேறியது. அவளுக்குள் இத்தனை வருடம் புளித்துக் கிடந்ததெல்லாம் அவனுக்குள் இறங்கியது. திரையில் கோடு துடித்தெழுந்தது.

தொண்டைக் குழாயை எடுத்த அன்று செழியன் பேசினான். குரல் கரகரத்தது.

"அம்மாவுக்கு நான் பாசத்தை மட்டுந்தான்க்கா குடுத்தேன். அதுல அவங்க வலி அடங்கி, நிம்மதியா தூங்கப் போனாங்க. அதான் விடச் சொன்னேன். நானும் போயிருப்பேன். உன் வெறுப்பு விடல. இவளுக்குப் பதில் சொல்லாம சாகக் கூடாதுன்னே திரும்பி வந்தேன்."

கட்டிலருகே நின்ற ஃபர்ஸானா அவர்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு விறுவிறுவென்று அடுத்த படுக்கைக்குப் போனார். அங்கே ஒரு பெண், பட்டையோடு கணவனின் காலைப் பிடித்து அழுதுகொண்டிருந்தாள்.

"அம்மா, இவருக்கு ஆகாதவங்க யாராச்சும் இருக்காங்களா? உடனே வரச் சொல்லுங்க."

அங்கயற்கண்ணி தம்பியின் பக்கம் திரும்பினாள். தம்பியைத் தவிர அவளுக்கும் யாரும் இல்லை.

"எனக்கு ஒண்ணுன்னா நீதானடா வந்து நிக்கணும்?"

செழியன் அவள் கையைப் பற்றிக்கொண்டு சிரித்தான்.

"வருவேன்க்கா. மனசுல துளிக்கூட கோபம் இல்லாம வந்து நிப்பேன்."